டூ வீல் டிரைவ் பிக்கப்புக்கு எந்த டிஃப் லாக்? ஆற்றங்கரையில் வண்டி ஓட்டுபவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: நீடாமங்கலத்துக்குத் தெற்கே பாமணியாற்றங்கரையை ஒட்டிய வயல்கள். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டீசல் பிக்கப். குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்கிறது. களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகும்போது வண்டி புதைந்துவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் டிராக்டரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வாங்க வசதியில்லை. பின் டிஃபரன்ஷியலில், அதாவது இரண்டு பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் கியர் கூட்டில், லாக்கர் (டிஃப் லாக்) போட்டால் போதுமா? போட்டால் எதைப் போடுவது? மெக்கானிக் சொல்வதுபோல வெல்டு வைத்துவிடலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வெல்டு வேண்டாம். தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கரும் உங்கள் கரைக்கு வேண்டாம். சுவிட்சைப் போட்டால் பூட்டி, எடுத்தால் விட்டுவிடுகிற வகை உங்கள் ஆக்ஸிலுக்குக் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஹெலிகல் (சாய்பல்) கியர் வகை எல்.எஸ்.டி., அதாவது முழுதாகப் பூட்டாமல் வழுக்கலைக் கட்டுப்படுத்துகிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதுவும் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பணத்தை டயரில் போடுங்கள். இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் ஓட்டுகிற இடம், அந்தக் கரை. லாக்கரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பாறை, மலைப்பாதை, பாலைவனம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறார்கள். ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் வயலும் இருக்கிற பத்தடி அகல மண் கரையில் கணக்கு வேறு.

டிஃப் லாக் என்றால் என்ன என்று டெல்டாக்காரருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. டிராக்டரில் வலது குதிகால் பக்கம் இருக்கிற சின்னப் பெடல் அதுதான். சேற்றுழவில் ஒரு சக்கரம் வழுக்கினால் அதை மிதிக்கிறோம், இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றுகின்றன, வண்டி வெளியே வருகிறது. வரப்போரம் திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுகிறோம். பிக்கப்பில் அந்தப் பெடல் இல்லை. நீங்கள் வாங்கப் போவது அந்தப் பெடலைத்தான் என்று நினைத்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

பெடல் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் ஏன் கைவிடுகிறது? கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தோடு சுற்றுகிற கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் என்ற சின்னப் பல்சக்கரங்கள் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்கும் எப்போதும் சமமான திருப்பு விசையைத்தான் கொடுக்கும். வேகம் மாறலாம், விசை மாறாது. வளைவில் இது தேவை. இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர் இருந்தால், கால் வட்டம் திரும்பி முடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 2.2 மீட்டர் அதிகமாக ஓடியிருக்கும். வளைவு சின்னதா பெரியதா என்பது இதில் கணக்கே இல்லை. அந்த 2.2 மீட்டரை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் சேற்றில் இதே சமநீதிதான் வினையாகிறது. வழுக்குகிற சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போய்ச்சேரும்.

எண்ணில் பார்த்துவிடுவோம். விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். பாரத்தோடு வண்டி 2,500 கிலோ. ஒவ்வொரு பின் சக்கரத்தின் மீதும் 800 கிலோ. இடது சக்கரம் வழுவழுப்பான களியில், 80 கிலோ விசைக்கு மேல் தாங்காது. வலது சக்கரம் கெட்டியான தரையில், 400 கிலோ வரை தாங்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் கிடைப்பது 80 + 80 = 160. பூட்டிய டிஃபரன்ஷியலில் 80 + 400 = 480. மூன்று மடங்கு வரை விசையைத் திருப்பிவிடும் ஹெலிகல் எல்.எஸ்.டி.யில் 80 + 240 = 320. இளகிய மண்ணில் 2,500 கிலோ வண்டி நகர, எடையில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது 250 கிலோ விசை வேண்டும். மண் இன்னும் இளகினால் ஐந்தில் ஒரு பங்கு, 500 கிலோ. இப்போது தெரிகிறதா? 160 எதற்கும் பற்றாது. 320 சுமாரான சேற்றைக் கடந்துவிடும். மோசமான சேற்றில் முழுதாகப் பூட்டியதுகூட விளிம்பில்தான் நிற்கும்.

இரண்டு சக்கரமும் களியில் இருந்தால்? 80 + 80 = 160. எந்த லாக்கர் போட்டாலும் அதேதான். லாக்கர் பிடிப்பை உண்டாக்காது. ஒரு பக்கம் வீணாகக் கிடக்கிற பிடிப்பை எடுத்துக்கொடுக்கும், அவ்வளவே. ஆகவே முதலில் நீங்கள் கவனிக்க வேண்டியது: வண்டி மாட்டுகிற இடங்களில் ஒரு சக்கரம் சுற்றி மாட்டுகிறதா, இரண்டும் சுற்றி மாட்டுகிறதா? அடுத்த தடவை மாட்டும்போது ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஒருவரைப் பின்னால், சேறு தெறிக்காத தூரத்தில், ஓரமாக நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு சக்கரம் என்றால் லாக்கருக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. இரண்டுமே என்றால் நிச்சயம் டயர்தான்.

நம் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வு இங்கேதான் முடிவாகிறது. பழைய டெல்டாவின் பெரும்பகுதி கனத்த களி. மண் ஆய்வாளர்கள் களத்தூர் தொகுதி என்று பெயர் வைத்திருக்கும் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் வீங்கி மூடிக்கொள்ளும். ஈரக் களியின் குணம் மணலுக்கு நேர் எதிர். மணலில் எடை கூடக்கூடப் பிடிப்பும் கூடும். ஊறிய களியில் எடை கூடினால் பிடிப்பு கூடாது, வண்டி இறங்கத்தான் செய்யும். அங்கே பிடிப்பைத் தீர்மானிப்பது டயர் மண்ணைத் தொடுகிற பரப்பு. சேற்றுழவுக்கு டிராக்டருக்கு எடையை ஏற்றாமல் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறோமே, அதன் காரணம் இதுதான். ஆக, நீர் வடியாத வயலுக்குள் பிக்கப்பை இறக்கினால் லாக்கர் உங்களைக் காப்பாற்றாது. அறுத்த வயலிலிருந்து களம் வரைக்கும் டிராக்டர் டிரெய்லர், களத்திலிருந்து பிக்கப் என்று பிரித்துக்கொள்வதே சரி.

களத்திலிருந்து சாலைக்கு வரும் பாதைதான் லாக்கரின் இடம். அதில் மூன்று விதமான சிக்கல்கள் வரும்.

ஒன்று, வண்டித்தடம். ஒரு சக்கரம் டிராக்டர் கிழித்த பள்ளத்தில் இருக்கும், மற்றது மேட்டில். எந்த வகை லாக்கரும் இங்கே பலன் தரும்.

இரண்டாவது, கரையேற்றம். வயல் மட்டத்திலிருந்து கரைக்கு ஏறும் சரிவில் வண்டி கொஞ்சம் கோணலாக ஏறும்போது ஒரு பின் சக்கரம் லேசாகிவிடும், சில இடத்தில் அந்தரத்தில் தூக்கிவிடும். தூக்கிய சக்கரத்தின் பிடிப்பு பூஜ்யம். சாதாரண டிஃபரன்ஷியலில் பூஜ்யமும் பூஜ்யமும் பூஜ்யம். ஹெலிகலில் மூன்று மடங்கு பூஜ்யமும் பூஜ்யம்தான். முழுதாகப் பூட்டுகிற லாக்கர் மட்டுமே இங்கே வண்டியை ஏற்றும். மதகுப் பாலத்துக்கு ஏறுகிற இடங்களிலும் இதே கதை.

மூன்றாவது, கரையின் மேலேயே ஓடுவது. இதைக் கவனமாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது. மண் கரையின் மேல்தளம் சமமாக இருக்காது. நடுவே உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்கும், அல்லது ஒரேயடியாக ஆற்றுப்பக்கமோ வயல்பக்கமோ சாய்ந்திருக்கும். மழை பெய்தால் அடியில் கெட்டியான மண், மேலே விரற்கடை கனத்துக்கு வழுக்குக் களி. இந்தச் சரிவில் போகும்போது மேற்பக்கச் சக்கரத்தில் பாரம் குறைவு, அது முதலில் வழுக்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் அந்த ஒரு சக்கரம் வீணாகச் சுற்றும், வண்டி நின்றுவிடும். எரிச்சல்தான். ஆனால் கீழ்ப்பக்கச் சக்கரம் சுற்றாமல் நிற்கிறது, பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். டிஃபரன்ஷியல் பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். சுற்றி வழுக்குகிற டயருக்கு முன்னோக்கிய பிடிப்பு எவ்வளவு குறைவோ, பக்கவாட்டுப் பிடிப்பும் அவ்வளவு குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் பிடி விட்டால் வண்டியின் பின்பக்கம் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்கும். தண்ணீர் ஓடுகிற ஆறு அந்தப் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: நம் பகுதிக்கு லாக்கர் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு பலமாகப் பூட்டும் என்பதைவிட, எப்போது பூட்டும், யார் சொல்லிப் பூட்டும் என்பது முக்கியம். கரையேற்றத்தில் பூட்டியிருக்க வேண்டும். கரைமேல் சாய்வில் விட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சில மீட்டர் தூரம்தான். அந்த வித்தியாசம் ஓட்டுபவருக்குத் தெரியும், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்குத் தெரியாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வகைகளைப் பாருங்கள்.

வெல்டு வைப்பது: ஸ்டார் பினியனையும், ஆக்ஸில் ஷாஃப்ட்டைச் சுற்றுகிற சன் கியரையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் டிஃபரன்ஷியல் என்பதே இல்லாமல் போகும். செலவு குறைவு, சேற்றில் இழுக்கும், உண்மை. ஆனால் மேலே சொன்ன 2.2 மீட்டரை ஒவ்வொரு வளைவிலும் டயர் தேய்ந்து கொடுக்க வேண்டும், அல்லது ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கேறிக் கொடுக்க வேண்டும். கும்பகோணத்துச் சந்துகளில் பாரத்தோடு திரும்பிப் பாருங்கள், ஸ்டியரிங் எவ்வளவு ஒடித்தாலும் முன்பக்கம் நேராகப் போகவே பார்க்கும். ஈரத் தார்ச் சாலையில் பின்பக்கம் விலகும். பற்றவைப்பு விரிந்து துண்டு கழன்றால் கிரவுன் பினியனே போய்விடும். சாலையில் ஓடுகிற எந்த வண்டிக்கும் இதைச் செய்யாதீர்கள்.

தானியங்கி லாக்கர்: அமெரிக்காவின் டெட்ராய்ட் லாக்கர் இந்த வகையில் பெயர் பெற்றது. உள்ளே இருக்கும் பினியனை மட்டும் மாற்றிப் பொருத்துகிற மலிவான வகைகளும் உண்டு. இவை எப்போதும் பூட்டிய நிலையில் இருக்கும். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாக ஓட முயன்றால் அந்தப் பக்கத்தை மட்டும் கடகடவென்ற சத்தத்தோடு விட்டுவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி திரும்பினால் திரும்பப் பூட்டிக்கொள்ளும், வண்டி ஒரு உதறு உதறும். பாறைக்காட்டில் இதற்கு ஈடில்லை. கரைமேல் மட்டும் இது வெல்டுக்குப் பக்கத்து வீடு: மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுற்றும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் மணல் கலந்த மண்ணில், அகலமான பாதையில் மட்டும் ஓட்டுபவர் கேட்டிருந்தால் இவ்வளவு கடுமையாக மறுத்திருக்க மாட்டேன்.

ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக்கர்: இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வண்டிகள் சிலவற்றில் கம்பெனியிலேயே வருவது இது. மஹிந்திரா தார் வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். டூ வீல் டிரைவான பொலிரோ நியோவின் உயர் வகையிலும் 2021-ல் இதைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கவர்னர் இருக்கிறது. இரண்டு பின் சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றைத் தாண்டினால் கவர்னரின் எடைகள் விரிந்து கிளட்ச் தகடுகளை நெருக்கி முழுதாகப் பூட்டிவிடும். வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பூட்டாது. நல்ல அமைப்பு, சாலையில் இருப்பதே தெரியாது, வாரண்டியோடு வருகிறது. புது வண்டி வாங்கப் போகிறவர் இது உள்ள வகையை எடுப்பது புத்திசாலித்தனம். ஆனால் இரண்டு குறை. ஒரு சக்கரம் நின்றிருக்க மற்றது 100 சுற்று எட்டும்போது ஸ்பீடோமீட்டரில் 6, 7 கி.மீ. காட்டும். அதற்குள் இளகிய களியில் டயர் ஒரு குழி தோண்டியிருக்கும். இரண்டாவது, ‘டக்’கென்று அதுவாகப் பூட்டும். சாய்வான கரையில் அந்த ஒரு கணத்தில்தான் பின்பக்கம் நகரும். இந்த வண்டியைக் கரையில் ஓட்டுபவர் சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடப் பழக வேண்டும்.

கிளட்ச் தகடு வகை எல்.எஸ்.டி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகடு தேயும், தேய்ந்ததும் சாதாரண டிஃபரன்ஷியல் ஆகிவிடும், அதற்கென்று தனிச் சேர்மானம் கலந்த எண்ணெய் வேண்டும். சேற்றுக்காக மட்டும் இதைத் தேடிப்போக வேண்டாம்.

ஹெலிகல் வகை: டார்சன், ட்ரூட்ராக் போன்றவை. தேயும் தகடு இல்லை, சாதாரண கியர் எண்ணெயிலேயே ஓடும், சாலையில் எந்தத் தொந்தரவும் இல்லை. கரைமேல் பாதுகாப்பும் அதிகம், ஏனென்றால் ஒருபோதும் முழுதாகப் பூட்டாது. தூக்கிய சக்கரத்தில் கைவிடும் என்று சொன்னேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது: பிரேக். “சேற்றில் மாட்டினால் ஹேண்ட் பிரேக்கை லேசாக இழு” என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் 100 கிலோ பிரேக் விழுகிறது. வழுக்கும் பக்கம் இப்போது 180 வரை தாங்கும், அதே 180 மறுபக்கமும் போகும், ஆனால் அங்கேயும் பிரேக் 100-ஐத் தின்றுவிடும். மிச்சம் அதே 80. ஒன்றும் லாபமில்லை. ஹெலிகலில் 180-இன் மூன்று மடங்கு 540, பிரேக்குக்கு 100 போனாலும் 440. நல்ல சக்கரத்தின் 400 கிலோ பிடிப்பு முழுவதும் கைக்கு வந்துவிட்டது. சக்கரம் அந்தரத்தில் இருந்தால்கூட 300 கழித்தல் 100, இருநூறு கிலோ கிடைக்கும். டிராக்டரில் வலம் இடம் தனித்தனி பிரேக் இருப்பதால் வழுக்கும் பக்கத்தை மட்டும் பிடித்து மறுபக்கத்துக்கு விசையைத் தள்ள முடிகிறது. புதுக் கார்களில் கம்ப்யூட்டர் செய்யும் டிராக்ஷன் கண்ட்ரோலும் அதே வேலைதான்.

கடைசியாக, நான் பரிந்துரைக்கும் வகை: நாமே பூட்டுவது. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. காற்றழுத்தத்தில் பூட்டும், அதற்கு ஒரு சின்ன கம்ப்ரஸரும் ஆக்ஸிலுக்குள் போகும் காற்றுக் குழாயும் வேண்டும். ஈட்டனின் இ-லாக்கர் மின்காந்தத்தில் பூட்டும், குழாய் வேலை இல்லை, வயர் மட்டும். ஃபோர்ஸ் கூர்க்காவில் கம்பெனியிலேயே கையால் பூட்டும் லாக் வருகிறது. காற்றா மின்சாரமா என்று கேட்டால், உங்கள் ஆக்ஸிலுக்கு எது கிடைக்கிறதோ அது. இரண்டும் கிடைத்தால் பிக்கப்புக்கு மின்சாரம் நல்லது என்பது என் எண்ணம். வயல் எலி காற்றுக் குழாயைக் கடித்தால் அறுவடை நாளில்தான் தெரியவரும். வயரையும் கடிக்கும்தான், ஆனால் வயரை எந்தக் கடையிலும் ஒட்டுப்போட்டு ஓட்டிவிடலாம்.

முன் சக்கரம் இழுக்கிற கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. ஸ்விஃப்ட், எர்டிகா மாதிரி வண்டிகளில் முழு லாக்கர் போடவே கூடாது. ஸ்டியரிங் சக்கரங்களே பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பாது. அவர்களுக்கு ஹெலிகல்தான் ஏற்றது. டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மாருதி ஈகோ, பழைய இன்னோவா எல்லாம் பின் சக்கர இழுவை, உங்கள் வண்டிக்குச் சொன்னது அவற்றுக்கும் பொருந்தும்.

சரி, எது கிடைக்கும்? நடைமுறைச் சிக்கல் இங்கேதான். வெளிநாட்டு லாக்கர் கம்பெனிகளின் பட்டியலில் ஜீப், லேண்ட் குரூசர், ஹைலக்ஸ், ஜிம்னி எல்லாம் இருக்கும், நம் ஊர் சரக்குப் பிக்கப்புகள் அபூர்வம். “இது உங்க வண்டிக்கு உட்காரும்” என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆக்ஸில் ஷாஃப்ட் நுனியில் எத்தனை ஸ்ப்லைன் பற்கள், அதன் விட்டம், கிரவுனை இறுக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவற்றின் வட்ட அளவும், பக்கவாட்டு பேரிங்கின் எண், கிரவுன்–பினியன் பற்களின் விகிதம் ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு, அவை லாக்கர் கம்பெனியின் தாளோடு ஒவ்வொன்றாக ஒத்துப்போகிறதா பாருங்கள். ஸ்ப்லைனில் ஒரு பல் வித்தியாசம் என்றாலும் உட்காராது. கடைந்து உட்காரவைக்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஓடின வண்டி வாங்கியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சோதியுங்கள். சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஆக்ஸிலை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரங்கள் இரண்டையும் தரையைவிட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல். அதே திசையில் இழுத்துக்கொண்டு சுற்றினால் எல்.எஸ்.டி. அல்லது லாக்கர். ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர் மெதுவாகச் சுற்றும்போது சாதாரணம் போலவே காட்டும், பூட்டாமல் விட்டிருக்கும் சுவிட்ச் வகை லாக்கரும் சில ஹெலிகல் வகைகளும் அப்படித்தான், அதற்கு வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

பொருத்துகிறவரின் கையும் லாக்கரைப் போலவே முக்கியம். கேரியரை, அதாவது கிரவுனைத் தாங்குகிற அந்தக் கூட்டை, மாற்றினால் கிரவுன்–பினியன் இடைவெளியைப் புதிதாக அமைக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்து, பற்களில் நீலம் தடவிச் சுற்றி, பதியும் தடத்தைப் பார்த்து ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைக்கிற வேலை அது. டயல் கேஜ் இல்லாமல் ‘கையாட்டத்தில்’ பார்த்துப் போடுகிற பட்டறையில் கொடுத்தால் சில மாதத்தில் ஆக்ஸில் ஊளையிடும், அப்புறம் கிரவுன் பினியன் ஜோடியாகப் போகும். வேறு ஊர் போக வேண்டியிருந்தாலும் டிஃபரன்ஷியல் வேலையே தொழிலாக வைத்திருப்பவரிடம் போங்கள். வாரண்டி உள்ள வண்டி என்றால் அது போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று, ஆக்ஸில் ஷாஃப்ட்டின் பலம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு ஷாஃப்ட்டுக்குப் பாதி விசைக்கு மேல் போகவே போகாது. பூட்டியிருக்கும்போது ஒரே ஷாஃப்ட் முழு விசையையும் சுமக்கலாம். முதல் கியரில், பாரத்தோடு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் ஷாஃப்ட் முறியும். லாக்கர் போட்டபின் கால் மென்மையாக வேண்டும். சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைப் போடவே கூடாது. நிறுத்தி, பூட்டி, விளக்கு எரிகிறதா பார்த்து, மெல்ல நகர்த்துங்கள். கரையேறியதும் கரைமேல் திரும்புவதற்கு முன்பே விட்டுவிடுங்கள். பூட்டிய பின் சக்கரங்கள் வண்டியை நேராகத் தள்ளும், சேற்றில் முன் சக்கரம் ஒடித்தபடியே சறுக்கிக்கொண்டு போகும். ஃபோர் வீல் டிரைவில் முன் சக்கரமும் இழுப்பதால் ஓரளவு திரும்பும், நமக்கு அந்த வசதி இல்லை.

லாக்கர் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது டயர். தார்ச்சாலை ரிப் டயர்களின் காடிகளில் களி அடைத்துக்கொண்டால் வழவழப்பான உருளைதான் மிஞ்சும். பின்பக்கம் இரண்டுக்கும் இடைவெளி அதிகமுள்ள லக் டயர் போடுங்கள், கட்டைகளுக்கு நடுவே இருக்கிற களி சுற்றும்போது தானாக உதிர வேண்டும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று. வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் மணலுக்குப் போனால், பாரம் இல்லாத வண்டியில் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினாலே பல இடங்களில் லாக்கர் தேவைப்படாது. பாரத்தோடு அப்படி இறக்காதீர்கள், தார்ச்சாலை வந்ததும் திரும்ப ஏற்றிவிடுங்கள்.

பாரம் வைக்கிற இடத்தையும் பாருங்கள். அடியில் கெட்டியும் மேலே வழுக்குமாக இருக்கிற கரையில் எடை உதவும், டயர் வழுக்கைக் கிழித்துக் கெட்டியைத் தொடும். காலியாகத் திரும்புகிற பிக்கப் அதே கரையில் மாட்டுவது பின்பக்கம் லேசாக இருப்பதால்தான். 40 கிலோ சிப்பம் ஒரு பத்தை பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே விட்டுவைத்தால் 400 கிலோ. இதைச் செய்து பார்த்து, டயரையும் மாற்றிப் பார்த்து, ஒரு பருவம் ஓட்டிய பிறகும் கரையேற்றத்தில் ஒரு சக்கரம் சுற்றி மாட்டினால் லாக்கருக்குப் பணம் கட்டுங்கள்.

போட்டபின் மறக்கக்கூடாத பராமரிப்பு ஒன்று உண்டு. ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். கார்த்திகை மழையில் பாதையில் முழங்கால் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதல்ல. பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி பாடியின் உயரமான இடம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். லாக்கர் பொருத்த ஆக்ஸிலைத் திறக்கும் அன்றே இதையும் செய்யச் சொல்லலாம். தண்ணீரில் இறங்கி வந்த வாரத்தில் டிரெய்ன் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் அன்றே முழுவதையும் வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன எண்ணெயை ஊற்றுங்கள்.

ஆக்ஸிலின் அளவுகளை எடுத்தபின் எழுதுங்கள். எந்த லாக்கரின் தாளோடு ஒத்துப்போகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.